ரெசிப்ரோகல் இன்ஹிபிஷன் (ஒரு தசை சுருங்கும்போது அதன் எதிர்த்தசையை இயக்கும் நரம்பணு அடங்குவது): தமிழில் என்ன?

> 'எதிர்த்தசைத் தளர்வு' என்றே வைத்துவிடலாமே. மாணவருக்கு உடனே புரியும்.

ஐயா, புரியும், ஆனால் தவறாகப் புரியும். தளர்வு என்பது தசையில் தெரியும் விளைவு. அடங்குவது தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணு. நம் எலும்புத்தசைக்கு 'சுருங்காதே' என்று சொல்லும் நரம்பே கிடையாது (நண்டு, இறாலுக்கு உண்டு). சுருங்கச் சொல்லும் அணுவின் வாயை மூடுவதுதான் ஒரே வழி.

முழங்கால் அனிச்சையில் இது துல்லியமாகத் தெரியும். சில்லெலும்புக்குக் கீழே தசைநாணில் சுத்தியல் பட்டதும் முன்தொடைத் தசை இழுபடுகிறது. அதனுள் நீட்சியை உணரும் தசைக்கதிரிலிருந்து செய்தி தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே இழை கிளைக்கிறது. ஒரு கிளை முன்தொடையின் இயக்க நரம்பணுவை நேரடியாகத் தூண்டும். நடுவில் ஒரே சினாப்ஸ் (நரம்பணுச் சந்திப்பு). மற்றது ஓர் இடைநரம்பணுவைத் தூண்ட, அது கிளைசின் என்னும் அடக்கும் வேதிப்பொருளை வெளியிட்டுப் பின்தொடையின் இயக்க நரம்பணுவை அடக்கும்.

இந்த இரண்டாம் கிளையின் அருமை நஞ்சில்தான் தெரியும். எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னைன், கிளைசின் ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. ரண ஜன்னி நச்சு, கிளைசின் வெளிவருவதையே நிறுத்துகிறது. இரண்டிலும் எதிரெதிர்த் தசைகள் ஒருசேர இறுகும். முதுகுத் தசைகளுக்கு வலு அதிகம் என்பதால் உடல் பின்பக்கம் வில்லாக வளையும்.

'பரஸ்பரத் தடுப்பு' வேண்டாம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று நிறுத்துவதுபோல் ஒலிக்கிறது. என் முன்மொழிவு: எதிரிணை அடக்கல்.

--

> எதிரிணை அடக்கல்

'எதிரிணை'க்கு என் வாக்கு. ஒரு குறிப்பு மட்டும் சேர்க்க வேண்டும்: கனமான குடத்தை அசையாமல் ஏந்தும்போது முழங்கையின் முன், பின் தசைகள் சேர்ந்தே சுருங்கும்; மூளை அந்த இடைநரம்பணுவின் வேகத்தைக் குறைத்துவிடும். எதிர் என்பது அந்தந்த அசைவுக்கு உரியது, நிரந்தரப் பகை அல்ல.

'அடக்கல்'தான் உதைக்கிறது. அடுத்து ஆட்டோஜெனிக் இன்ஹிபிஷன் வரும். தசைநாண் உணரி தன் தசையையே தணிக்கும் வினை அது. 'தன்னடக்கம்' என்றால் தசைக்குப் பணிவு வந்துவிட்டது என்றாகிவிடும்! தம்மைத் தூண்டிய இயக்க நரம்பணுவையே திரும்ப அடக்கும் தண்டுவட இடைநரம்பணுக்களான ரென்ஷா அணுக்களின் வினைக்கும் ஒரு சொல் தேவை. ஆகவே ஒரே வேரில்: எதிரிணை ஒடுக்கல், தன்னொடுக்கல், மீள் ஒடுக்கல். ஒடுக்குமுறை வாடை அடிக்கிறது என்பீர்கள். அந்த இடைநரம்பணு செய்வதும் அதுதானே.

'தடுப்பு' என்பதை மருந்தோ நஞ்சோ ஏற்பியை அடைப்பதற்கு ஒதுக்கிவிடுவோம். தலைப்பில் அனிச்சைச் செயலோடு (ரிஃப்ளெக்ஸ்), இலங்கை வழக்கான 'தெறிவினை'யையும் இடுங்கள்.