சார்பிலிருந்து சார்பைக் கழிக்கும்போது விடை ஏன் மாறுகிறது?

கேள்வி
பள்ளியை விட்டு இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து நானே மாட்டிக்கொண்டேன். மாறியை 'க' என்று எழுதுகிறேன். முதல் சார்பு (function, 'க'வுக்கு ஓர் எண்ணைப் போட்டால் ஒரு மதிப்பைத் தருவது) 3க² + 2க − 5. இரண்டாவது க² − 4க + 7. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும். எனக்கு 2க² − 2க + 2 வருகிறது. புத்தகத்திலோ 2க² + 6க − 12 என்று இருக்கிறது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் பிடிவாதமாக அதே விடைதான். அச்சுப்பிழை என்று மகளிடம் சொல்லித் தப்பித்துவிடலாமா?

பதில் 1
தப்பிக்க முடியாது, புத்தகம் சரி. க²-ஐ மட்டும் கழித்துவிட்டு −4க, +7 இரண்டையும் அப்படியே இறக்கியிருக்கிறீர்கள். இரண்டாவது சார்பை முழுதாக அடைப்புக்குறிக்குள் போடுங்கள்:
(3க² + 2க − 5) − (க² − 4க + 7)
அடைப்புக்குறியை நீக்கும்போது உள்ளே இருக்கும் ஒவ்வொரு குறியும் மாறும்: −க² + 4க − 7. இனி ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் போதும்.
சந்தேகம் வந்தால் 'க'வுக்கு 1 போட்டுப் பாருங்கள். முதல் சார்பின் மதிப்பு 0, இரண்டாவதன் மதிப்பு 4. 0 − 4 = −4. புத்தக விடையிலும் 2 + 6 − 12 = −4. உங்களுடையதில் 2 வரும்.

கேள்வி கேட்டவர்
வந்தது! ஆனால் −4க-வைக் கழித்தால் ஏன் கூடுகிறது என்று மகள் கேட்கிறாள். "விதி அப்படி" என்றால் முறைக்கிறாள்.

பதில் 2
முறைப்பதில் தவறே இல்லை. கி.பி. 628-இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் நேர் எண்ணைச் செல்வமாகவும் எதிர் எண்ணைக் கடனாகவும் வைத்து எழுதினார்: சூன்யத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம். ஒருவருடைய கடனை நீக்கினால் அவர் கையிருப்பு அந்த அளவுக்கு உயரும் அல்லவா?
வரைபடத்தாளில் இரண்டு வளைவுகளையும் வரையச் சொல்லுங்கள். கழித்து வரும் சார்பு என்பது அவற்றுக்கு இடையிலான செங்குத்து இடைவெளிதான். க = 1 இல் முதல் வளைவு 4 அலகு கீழே கிடக்கிறது; க = 2 இல் 8 அலகு மேலே ஏறிவிடுகிறது. இடையில், ஏறத்தாழ 1.37 இல், இரண்டும் வெட்டிக்கொள்கின்றன. அங்கே வித்தியாசம் 0.

பதில் 3
ஒரு பொறி இருக்கிறது, தேர்வில் மதிப்பெண் போகும் இடம். (க + 1/க) − (1/க) என்ன? 'க' என்று உடனே எழுதிவிடுவோம். ஆனால் க = 0 இல் அந்த இரண்டு சார்புகளுக்குமே மதிப்பு கிடையாது; ஆகவே வித்தியாசத்துக்கும் கிடையாது. மதிப்பகத்தில் (அதாவது 'க'வுக்குப் போடக்கூடிய எண்களில்) 0-ஐ விலக்கி எழுதுங்கள். வரைந்தால் ஆதிப்புள்ளியில் ஓட்டை விழுந்த நேர்கோடு.

கேள்வி கேட்டவர்
அந்த ஓட்டையை ஒரு சின்ன வட்டமாக வரைந்துவிட்டு, அடுத்த கணக்கை என்னிடமே நீட்டுகிறாள்.