பிபிஎஸ்ல (செல்லைக் கழுவற உப்புக் கரைசல்) கழுவினதும் செல்களுக்கு நடுவுல ஓட்டை. எங்கே தப்பு?

லேப்_ஆந்தை:
தொப்புள்கொடி ரத்தநாளத்து எண்டோதீலியல் செல்கள் (உள்சுவரை மூடற செல்கள்), நாலாவது பாசேஜ் (நாலாவது தடவை தட்டு மாத்தி வளர்த்தது). இன்சர்ட்ல (அடியில நுண்துளைச் சவ்வு உள்ள சின்னக் கிண்ணம்) போட்டு அஞ்சு நாள் ஆச்சு. மைக்ரோஸ்கோப்ல கூழாங்கல் பதிச்ச தரை மாதிரி நெருக்கமா நிக்குது. ஆனா பிபிஎஸ்ல ரெண்டு தடவை கழுவி, அதுலயே இருபது நிமிஷம் ஆற வெச்சு மின்தடை (செல் அடுக்கு எவ்வளவு இறுக்கம்னு காட்டற எண்) அளந்தா, வெறும் இன்சர்ட்டைக் கழிச்சது போக 6 ஓம் ச.செ.மீ.தான். மூளை ரத்தநாளத்துக்கு ஆயிரத்துக்கு மேலன்னு படிச்சேன். விஇ-கேடெரின் (பக்கத்து செல்களை ஒட்ட வைக்கற புரதம்) ஸ்டெயின்லயும் கோடு அங்கங்க அறுந்து ரம்பப் பல் மாதிரி தெரியுது. ஆன்டிபாடி மாத்தியாச்சு. கைடு, "செல்லே சரியில்ல, புதுசு வாங்கு"ங்கறார்.

ஒட்டுப்புல்:
செல் மேல பழி போடறதுக்கு முன்னாடி பிபிஎஸ் பாட்டில் லேபிளைப் பாருங்க. கால்சியம் இருக்கா?

லேப்_ஆந்தை:
இல்ல. டிரிப்சின் (செல்லைத் தட்டுல இருந்து கழட்டற நொதி) போடறதுக்கு முன்னாடி கழுவற அதே பாட்டில்தான்.

ஒட்டுப்புல்:
அப்போ ஓட்டை போட்டது நீங்கதான் 🙂 கேடெரினோட வெளிப்பகுதி அஞ்சு மணி கோத்த மாலை மாதிரி. மணிக்கு மணி நடுவுல கால்சியம் அயனிகள் உட்கார்ந்துதான் அதை விறைப்பா நிறுத்துது. கால்சியம் போச்சுன்னா மாலை தொய்ஞ்சு, பக்கத்து செல்லோட கேடெரினைப் பிடிக்க முடியாது. ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடிச்சு எடுத்துடற வேதிப்பொருள்) போட்டு செல்லைக் கழட்டறப்பவும் இதேதான் நடக்குது. நீங்க அதையே மெதுவா பண்ணியிருக்கீங்க. உள்ளே கேட்டினின் புரதங்கள் வழியா ஆக்டின் இழை (செல்லோட உள்சட்டம்) எப்பவும் இழுத்துக்கிட்டே இருக்கும். வெளியே பிடி விட்டதும் ஓரம் உள்ளே சுருங்குது. உங்க ரம்பப் பல் அதுதான். கால்சியம், மெக்னீசியம் ரெண்டும் உள்ள பிபிஎஸ்ல கழுவுங்க. மின்தடையை மீடியத்துலயே (செல் வளர்ப்புத் திரவம்) அளங்க. சூடு ஆற ஆற எண் ஏறும், அதனால எல்லா தட்டையும் ஒரே நேரம் ஆற விடுங்க.

மூணாம்_ஷிஃப்ட்:
அந்த ஆயிரத்தையும் மறந்துடுங்க. மூளையில கிளாடின்-5 (செல் இடுக்கை அடைக்கற புரதம்) போட்ட இறுக்கம் வேற. இந்த செல்லுல சில பத்து ஓம் வந்தாலே நல்லது. மீடியத்துல விஇஜிஎஃப் (ரத்தநாளத்தை வளர வைக்கற புரதம்) இருக்கா? அதுக்கு முதல்ல வெச்ச பேரே 'ரத்தநாளக் கசிவுக் காரணி'. விஇ-கேடெரினை செல்லுக்குள்ள இழுத்துக்க வைக்கும். அளக்கறதுக்கு முந்தின நாளே அது இல்லாத மீடியத்துக்கு மாத்திடுங்க.

லேப்_ஆந்தை:
ரெண்டையும் செஞ்சேன். 23 ஓம், கோடும் அறுபடாம வருது. சும்மா பார்க்கலாம்னு பழைய பிபிஎஸ்ல கழுவின ஒரு தட்டுல மீடியம் ஊத்தி ரெண்டு மணி நேரம் விட்டேன், ஓட்டை பெரும்பாலும் மூடிருச்சு. செல் நல்ல செல்தான்! பழைய பாட்டில்ல மார்க்கரால 'கழட்ட மட்டும்'னு எழுதி வெச்சாச்சு.