குவாரி வெடி: தீர்ப்பாயத்தில் மனு போடக் கெடு எப்போது தொடங்குகிறது?

தேன்கனிக்கோட்டை வட்டத்தில் எங்கள் ஊரையொட்டி ஒரு கல் குவாரி நடக்கிறது. குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. கடைசி வீட்டிலிருந்து கூப்பிட்டால் குழியில் கேட்கும். தை மாதம் வெடி வைக்கத் தொடங்கினார்கள். ஆடியில்தான் முதல் விரிசல் சுவரில் விழுந்தது. இப்போது ஐப்பசி, ராகிக் கதிரெல்லாம் வெண்தூசி, ஆழ்துளைக் கிணற்றில் கலங்கல்.

குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம், ரசீது கிடைத்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் குத்தகை வரைபடம் கேட்டோம்; பதில் வந்தது, வரைபடம் வரவில்லை. நில அளவையர் வந்தார், அளக்காமலே போனார். விரிசல்களைத் தேதியோடு படம் எடுத்து வைத்திருக்கிறோம்.

மிச்சமிருப்பது சென்னையிலுள்ள, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம். அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். எங்களுக்கு அந்தக் கணக்கு வெடி தொடங்கிய தையிலிருந்தா, விரிசல் விழுந்த ஆடியிலிருந்தா?