சபோட்டாஜ்: மரச்செருப்புக் கதை உண்மையா? வெள்ளிக்குள் உதவி தேவை

தெம்பனிஸ் அம்மா:
வணக்கம். உயர்நிலை 2 படிக்கும் மகள் தமிழ் வகுப்பில் 'சபோட்டாஜ்' (sabotage, வேண்டுமென்றே வேலையைக் கெடுப்பது) என்ற சொல்லைப் பற்றிப் பேசப் போகிறாள். பிரெஞ்சுத் தொழிலாளர்கள் கோபத்தில் மரச்செருப்பை இயந்திரத்துக்குள் எறிந்ததால் வந்த சொல் என்று பல இடங்களில் போட்டிருக்கிறது. எந்த ஊர், எந்த ஆலை என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. நம்பலாமா? நம்மூர் சிங்கப்பூர்ப் பேச்சில் வரும் 'சபோ' இதே சொல்தானா?

பழைய என்எஸ்காரன்:
அதேதான் அக்கா, சபோட்டாஜைச் சுருக்கியது. சபோ பண்ணுவது என்றால் மாட்டிவிடுவது. எப்போதும் அடுத்தவனை மாட்டிவிடுபவன் 'சபோ கிங்'. 2016இல் ஆக்ஸ்ஃபர்டு அகராதி இரண்டையும் சேர்த்துவிட்டது.

சொல்தேடி:
எறிந்த கதைக்கு ஆதாரம் கிடையாது, விட்டுவிடுங்கள். மரச்செருப்புக்குப் பிரெஞ்சில் 'சபோ' என்று பெயர் என்பது உண்மை. அதிலிருந்து வந்த 'சபோட்டே' என்ற வினைக்கு, வேலையை அரைகுறையாகச் செய்து கெடுப்பது என்று ஒரு பொருள் உண்டு. இயந்திரத்தை உடைப்பது என்ற பொருளுக்கு முன்னால் வந்தது இதுதான்.

1889இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றார்கள். அவர்களுக்குப் பதிலாக வந்த பண்ணையாட்களுக்கு வேலை தெரியாது. சரி, வேலைக்குத் திரும்பி நாமும் அவர்களைப் போலவே அரைகுறையாகச் செய்வோம் என்று சங்கம் சொன்னது. கொஞ்ச நாளில் முதலாளிகள் கூலியை உயர்த்திவிட்டார்கள். எமில் பூஷே என்ற பிரெஞ்சுத் தொழிற்சங்கவாதி இதை முன்மாதிரியாகக் காட்டினார். 1897இல் துலூஸ் நகரில் நடந்த பிரெஞ்சுத் தொழிற்சங்க மாநாட்டில் சபோட்டாஜ் ஒரு போராட்ட முறையாகவே முன்வைக்கப்பட்டது. 1910 பிரெஞ்சு ரயில் வேலைநிறுத்தச் செய்திகளோடு சொல் ஆங்கிலத்தில் பரவியது.

ஈசூன் தாத்தா:
போர்க்காலத்தையும் சொல்லச் சொல்லும்மா. 1943 செப்டம்பரில் நேசப்படை வீரர்கள் சிறு படகுகளில் துடுப்புப் போட்டு வந்து, இங்கே நின்ற ஜப்பானியக் கப்பல்களில் காந்த வெடிகளை ஒட்டினார்கள். ஜேவிக் நடவடிக்கை என்று பெயர். ஜப்பானியர்கள் உள்ளூர்க்காரர்கள் வேலை என்று நினைத்து, அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்து வதைத்தார்கள். 15 பேர் இறந்தார்கள். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெம்பனிஸ் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கிளாஸ்கோவில் தொடங்கி ஜேவிக்குக்கு வரப்போகிறாள். தமிழில் 'நாசவேலை' என்று போடலாமா?

சொல்தேடி:
ஜேவிக்குக்குச் சரி. கிளாஸ்கோவுக்கு அது பொருந்தாது. வேண்டுமென்றே மோசமாக வேலை பார்த்தார்கள் என்று விளக்கிவிட்டால் போதும்.