ரங்கூன் பல்கலைக்கழகத்தின் பெருமை படிப்பா, போராட்டமா?

இன்யாக்கரையான்
பர்மாவில் நம் தமிழ் வீட்டுப் பிள்ளைகளிடம் ரங்கூன் பல்கலைக்கழகத்தைப் பற்றிக் கேட்டால் ஆங் சான், ஊ நு, ஸ்ட்ரைக் என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுகிறார்கள் (ஆங் சான் நாட்டின் விடுதலைத் தலைவர், ஊ நு முதல் பிரதமர்). எனக்கு இது வருத்தம். 1878-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் கீழ் சின்னக் கல்லூரியாகத் தொடங்கி, 1920-இல் ஜட்சன் கல்லூரியோடு சேர்ந்து பல்கலைக்கழகமான இடம் அது. ஆய்வாளர்கள் பே மாங் தின்னும் லூஸும் பழைய தலைநகரான பாகானின் கல்வெட்டுகளைப் படித்தது அங்கேதான். 1930-களில் ஸோஜி, மின் து வுன் போன்ற எழுத்தாளர்கள் கித்சான் என்ற புதுப் பாணியில் எழுத வந்தார்கள். பழைய அலங்காரத்தை உதறிவிட்டுச் சின்னச் சின்ன வாக்கியத்தில் எழுதினார்கள். இன்று பர்மியர்கள் எழுதும் உரைநடையில் அதன் சாயல் இருக்கிறது. நாட்டை மாற்றியது வகுப்பறை என்பேன்.

தாட்டோன் மகள்
அண்ணா, அந்த 1920-ஐயே எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகச் சட்டம் வந்தபோது விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும், ஆயத்த வகுப்பும் முடிக்க வேண்டும் என்றார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் செலவு கட்டுமா? டிசம்பரில் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். ஊர் ஊராகத் தேசியப் பள்ளிகள் முளைத்தன. நாம் இன்றைக்கும் தேசிய தினமாக விடுமுறை விடுவது அந்த நாளுக்குத்தான். வகுப்பு நடந்த நாளை யாரும் கொண்டாடவில்லை, வகுப்பை விட்டு வெளியே வந்த நாளைத்தான் கொண்டாடுகிறோம்.

1936-உம் அப்படித்தான். மாணவர் சங்கத்தின் 'ஓவே' இதழில் பல்கலைக்கழக அதிகாரி ஒருவரைத் தாக்கிக் கட்டுரை வந்தது. எழுதியது யார் என்று சொல்ல ஆசிரியர் ஆங் சான் மறுத்துவிட்டார். அவரையும் ஊ நுவையும் நீக்கப் பார்த்ததும் வேலைநிறுத்தம் வெடித்தது. அந்த மாணவர் தலைவர்களில் ரஷீத் என்பவர் இந்தியாவில் பிறந்தவர், பிறகு பர்மாவில் அமைச்சரானார். இந்தியர் என்று நம்மை ஒதுக்கி வைக்காத மேடை ஒன்று அங்கே இருந்தது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இன்யாக்கரையான்
ரஷீத் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விலையைப் பாருங்கள் தங்கச்சி. 1962 ஜூலை 7-ஆம் தேதி வளாகத்துக்குள் ராணுவம் சுட்டது. செத்தவர்கள் 15 பேர் என்று அரசு சொன்னது, நம் பெரியவர்கள் யாரும் அதை நம்பவில்லை. மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டிடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். 1964-க்குப் பிறகு மருத்துவம், பொருளாதாரம் எல்லாம் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்து போயின. ஆசியாவில் பெயர் வாங்கிய இடம் அப்படியே தேய்ந்தது.

தாட்டோன் மகள்
வெடி வைத்தவர்கள் செய்ததை மாணவர்கள் கணக்கில் எழுதாதீர்கள் அண்ணா. அப்போது ஆட்சியைப் பிடித்திருந்த ராணுவத் தளபதி நே வின் படித்ததும் அதே பல்கலைக்கழகத்தில்தான், பட்டம் வாங்காமல் வெளியேறியவர். அந்த இடத்தின் பலம் அவருக்குத் தெரியும். அதனால்தான் முதலில் அந்தக் கட்டிடம் போனது.

சங்குத்துறை செல்வி
இரண்டு பேரும் பெரிய ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள். 1996 மாணவர் போராட்டத்துக்குப் பிறகு இளநிலை வகுப்புகளை ஊருக்கு வெளியே தள்ளினார்கள். நான் படித்தது அப்படி ஒரு வளாகத்தில். இரண்டு பஸ் மாறிப் போவேன். வேதியியல் செய்முறை என்றால் ஆசிரியர் ஒருவர் முன்னால் நின்று செய்து காட்டுவார், நாங்கள் எட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதிக்கொள்வோம். பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாய் ஒன்றை நான் கையால் தொட்டதே இல்லை. பட்டம் மட்டும் வந்துவிட்டது.

2013 டிசம்பரில் பழைய வளாகத்தில் இளநிலை வகுப்புகள் மறுபடி தொடங்கின. சித்தி மகளுக்கு அங்கே இடம் கிடைத்தது. அவளோடு அடிபதி லானில் நடந்தேன், பட்டமளிப்பு மண்டபத்துக்குப் போகும் சாலை அது. 'அடிபதி' நம் 'அதிபதி'தான் என்று அவளுக்குச் சொன்னேன். சங்கக் கட்டிடம் இருந்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம், முதல் வகுப்புக்கு நேரமாகிறது அக்கா என்று ஓடினாள்.

இன்யாக்கரையான்
செல்வி, அவளுக்கு ஆய்வகம் ஒழுங்காகக் கிடைத்ததா? பியூரெட்டைத் தொட்டாளா?

சங்குத்துறை செல்வி
தொட்டாள் அண்ணா. முதல் வாரமே ஒன்றை உடைத்துவிட்டு வந்து என்னிடம் அழுதாள்.