வேல்ஸின் பவிஸ் பக்கம் போனவர்கள், வேலை பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மலைவீட்டு நர்ஸ்:
வேல்ஸ் என்றாலே கார்டிஃப், ஸ்னோடன் மலை, அவ்வளவுதான் எழுதுகிறார்கள். நடுவில் கிடக்கிற பவிஸை யாரும் கண்டுகொள்வதில்லை. பரப்பில் வேல்ஸின் கால் பங்கு இந்த ஒரு கவுண்டிதான் (நம்மூர் மாவட்டம் மாதிரி), 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 1,33,000. மான்ட்கமரி, ராட்னர், பிரெக்னாக் என்ற மூன்று பழைய கவுண்டிகளை 1974இல் சேர்த்து உண்டாக்கியது, ஆனால் பெரியவர்கள் இன்றைக்கும் ராட்னர்காரன் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

வயதானவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கிற வேலை எனக்கு. இவ்வளவு பெரிய கவுண்டிக்குள் ஒரு பெரிய பொது ஆஸ்பத்திரிகூடக் கிடையாது, சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகள்தான் இருக்கின்றன, இடுப்பெலும்பு உடைந்தால் ஹெரிஃபோர்ட், ஷ்ரூஸ்பரி, அபெரிஸ்ட்வித், மெர்தர் என்று எல்லை தாண்டித்தான் ஓட வேண்டும். அதனால் இங்கே வியாதியைப் பற்றிப் பேசினாலும் பேச்சு கடைசியில் யார் வண்டி ஓட்டுவது என்பதில்தான் வந்து நிற்கும்.

நான் போகிற ஒரு தாத்தா, எண்பது தாண்டியவர், செம்மறி வளர்ப்பவர். பெல்ட்டுக்குப் பதிலாக வைக்கோல் கட்டுகிற நீலக் கயிறு. கேட்டைக் கட்டியிருப்பதும் அதே கயிறு, நாயைப் பிடித்திருப்பதும் அதே கயிறு. ரொம்ப நாள் என்னிடம் வானிலையைத் தவிர ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் திடீரென்று, "உங்க அப்பாவுக்கு எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். ரெண்டு ஏக்கர் நெல், நாலு வெள்ளாடு என்றேன். "வெள்ளாடா? வேலி நிக்காதே" என்று தலையை ஆட்டினார், உண்மையான அனுதாபத்தோடு. அன்றிலிருந்து பேச்சு நிற்கவில்லை.

மார்ச் மாதம் அவர் கொட்டகையில் ஒன்று பார்த்தேன். ஒரு தாய்க்குக் குட்டி செத்துப் பிறந்துவிட்டது, பக்கத்தில் தாயில்லாத குட்டி ஒன்று. அவருடைய மகன் செத்த குட்டியின் தோலை உரித்து, நாலு கால் ஓட்டையோடு சட்டை மாதிரி மற்றதுக்கு மாட்டிவிட்டார். தாய் மோந்து பார்த்தது, கொஞ்சம் முட்டியது, அப்புறம் மடியைக் கொடுத்துவிட்டது. நம்மூரில் பால் கறக்க வைக்கோல் அடைத்த தோல் கன்றைக் காட்டுவார்களே, அதேதான். ரெண்டு மூணு நாள் கழித்துத் தோலைக் கழற்றி விடுவார்களாம், அதற்குள் தன் பால் குடித்த வாசனை குட்டிக்கு வந்துவிடும் என்றார்.

பார்சல் வேன்:
அக்கா, கயிறு சொன்னீர்களே, நூற்றுக்கு நூறு உண்மை. எனக்கு பார்சல் வேலை. இந்த ஊரில் வீட்டுக்கு நம்பர் கிடையாது, பேர் மட்டும்தான், ஒரு போஸ்ட்கோடுக்குள் மைல் கணக்கில் தள்ளித் தள்ளிப் பண்ணைகள் இருக்கும். மேப்பை நம்பிப் போனால் யாரோ ஒருவருடைய மாட்டுக்கொட்டகை வாசலில் போய் நிற்கலாம். முதல் பார்சலை வீட்டில் கொடுப்பார்கள், ரெண்டாவதிலிருந்து "ரோட்டு முனையில் தீவன டிரம் இருக்கு, அதுக்குள்ள போட்டுட்டுப் போ" என்பார்கள். யாரும் எடுத்துப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

ரோடு என்பது ஒரு வண்டிக்குத்தான், நடுவில் புல் முளைத்திருக்கும், ரெண்டு பக்கமும் வேலிச் செடி. எதிரில் டிராக்டர், பின்னால் ஆடு ஏற்றிய டிரெய்லர். அவர் பின்னால் போக மாட்டார், போகவும் முடியாது, ஒதுங்குகிற இடம் வரைக்கும் நாம்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அதுவும் வளைவில், சேற்றில். ஒருத்தர் கொஞ்ச நேரம் என் கோலத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார், "நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டு, என் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை மட்டும் பார்த்தபடி ஒரே மூச்சில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். (எங்கள் மேனேஜர் இதைப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.)

பர்மிங்காம்வாசி:
நான் அங்கே குடியிருக்கவில்லை, ஆனால் தினமும் அந்த ஊர்த் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். ரேயடர் பக்கத்தில் ஈலன் பள்ளத்தாக்கு. 1892இல் பார்லிமென்டில் சட்டம் போட்டு, அணைகள் கட்டி, 1904இல் ஏழாம் எட்வர்ட் அரசர் வந்து திறந்து வைத்தார். அங்கிருந்து 73 மைல் குழாயிலும் கால்வாயிலும் பர்மிங்காமுக்கு வருகிறது, வழியில் பம்ப் கிடையாது, சரிவு மட்டும்தான், வந்துசேர ஒன்றரை நாள் ஆகும்.

அணைக்கட்டு அழகு, கல் வேலைப்பாடு, எல்லாம் சரி. ஆனால் நீருக்கடியில் பண்ணைகள், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் போயின. சுமார் நூறு பேர் இடம் பெயர்ந்தார்கள், நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் நஷ்டஈடு, குத்தகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. டீக்கடையில் பக்கத்து மேஜைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். பர்மிங்காம் என்றேன். "அப்போ எங்க தண்ணிதான்" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் சொல்லாமல் விடவில்லை பாருங்கள்.

கிச்சன் தம்பி:
எல்லாரும் இப்படியே உருகாதீர்கள். நான் ஒரு சின்ன டவுனில் சமையலறை வேலையில் இருந்தேன். டிசம்பரில் சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டு, கடைசி பஸ் சீக்கிரமே போய்விடும், ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே இல்லை. கார் இல்லாதவனுக்கு அது திறந்தவெளிச் சிறைதான். என்னோடு பாத்திரம் கழுவிய உள்ளூர்ப் பையன்கள் எல்லாருக்கும் ஒரே திட்டம், கார்டிஃப் அல்லது இங்கிலாந்து. வெளியூர்க்காரர்கள் ரிட்டயர் ஆகி வந்து வீடு வாங்குகிறார்கள், இவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மனிதர்கள் மோசம் என்று சொல்லவில்லை, முறைத்துப் பார்த்தவர்கள் ரெண்டு பேர் இருந்தால் வீட்டில் கொண்டுபோய் விட்டவர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் அமைதி, அமைதி என்று எழுதுகிறவர்கள் எல்லாம் வார இறுதிக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள்.

வேடிக்கை பார்ப்பவன்:
தம்பி, அந்தப் போரடிப்பைப் போக்கத்தான் லானூர்டிட் வெல்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். குட்டி ஊர். பப்பில் நடந்த ஒரு வாக்குவாதத்தில் பிறந்தது மனிதனுக்கும் குதிரைக்கும் ஓட்டப்பந்தயம், மலைமேல் சுமார் 22 மைல். 1980இல் தொடங்கியது, வருஷா வருஷம் குதிரையே ஜெயிக்க, பரிசுப் பணத்தில் ஆயிரம் ஆயிரம் பவுண்டாகச் சேர்ந்துகொண்டே போனது, 2004இல் ஹியூ லாப் என்பவர் குதிரையை முந்தி 25,000 பவுண்டை அள்ளிக்கொண்டு போனார். 1985இலிருந்து சேற்று வாய்க்காலில் ஸ்நார்கெல் (மூச்சு விடுகிற குழாய்) மாட்டிக்கொண்டு நீச்சல் போட்டி வேறு, கையால் நீந்தக் கூடாது, கால் துடுப்பு மட்டும்தான். கரையில் நின்று பார்த்தேன், தலை தெரியாது, ஒரு குழாய் மட்டும் கறுப்புத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்.

பார்சல் வேன்:
ஆட்டுச் சந்தை பார்க்காமல் யாரும் திரும்பாதீர்கள். வெல்ஷ்பூல் சந்தைக்கு ஒரு டெலிவரி போனேன், ஏலக்காரர் மூச்சே விடாமல் எண்களைப் பாடுகிறார், கம்பியில் சாய்ந்து நிற்கிற பத்துப் பேர் சும்மா நிற்கிற மாதிரிதான் தெரிகிறது, ஆனால் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்! ஒருத்தர் புருவம், ஒருத்தர் சுருட்டிய காகிதம். ஏலத்துக்கு முன்னாடியே பட்டிக்குள் இறங்கி ஆட்டின் முதுகெலும்பு மேல் விரலை வைத்து அழுத்தி, கறி எவ்வளவு என்று பார்த்துவிடுகிறார்கள். நான் மூக்கைக்கூடச் சொறியவில்லை.

மலைவீட்டு நர்ஸ்:
கிச்சன் தம்பி சொன்ன பஸ் விஷயத்தில் நான் அவர் பக்கம். கார் இல்லாமல் வருகிறவர்கள் ஹார்ட் ஆஃப் வேல்ஸ் ரயிலைப் பாருங்கள், லாண்ட்ரிண்டாட், பில்த் ரோடு, லானூர்டிட் எல்லாம் அதில்தான். ஒரு நாளைக்கு வருகிற ரயிலை விரல்விட்டு எண்ணிவிடலாம், பல ஸ்டேஷன்களில் நாம் கேட்டால்தான் நிற்கும், ஏறியதும் கண்டக்டரிடம் இறங்குகிற இடத்தைச் சொல்லிவிடுங்கள். ஜூலையில் பில்த் பக்கம் ராயல் வெல்ஷ் ஷோ என்கிற பெரிய விவசாயக் கண்காட்சி நடக்கிற நாலு நாளும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ரூம் கிடைக்காது, அதற்கு முன்னாடியோ பின்னாடியோ வாருங்கள். வயல் வழியாக நடக்கிறவர்கள் மூடியிருக்கிற கேட்டை மூடுங்கள், திறந்திருப்பதைத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் தாத்தாவிடம் திட்டு வாங்கப்போவது நான்தான்.