வாசலில் நின்று குடித்தால் புகை உள்ளே வராதா?

செல்வி: கிராமத்துப் பெண்களுக்குச் சிகரெட் புகை பழகிவிட்டது, அதை அவர்கள் தொல்லையாகவே நினைப்பதில்லை என்று நேற்று முருகேசன் எழுதியிருந்தார். ஆண்கள் வாசலில்தானே குடிக்கிறார்கள் என்று ஒரு சமாதானம் வேறு. யாரைக் கேட்டு எழுதினீர்கள்? வாயை மூடிக்கொண்டு இருந்தால் சம்மதம் என்று அர்த்தமா?

முருகேசன்: தொல்லை என்றால் சொல்லலாமே. வாசலில் விடுகிற புகை காற்றோடு போய்விடும். இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

செல்வி: காற்றோடு போகிற புகை, கதவைப் பார்த்ததும் திரும்பிவிடுமா? ஜப்பானில் ஹிராயாமா என்பவர் புகைக்காத 91,540 மனைவிமாரை 14 வருடம் கவனித்து 1981-இல் எழுதினார். கணவர் நிறையப் புகைத்தால் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம். விவசாயக் குடும்பங்களில் அது இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. கிராமம்தான் ஐயா அது!

முருகேசன்: அவர்கள் வீட்டுக்குள் குடித்திருப்பார்கள். நான் சொன்னது வாசல்.

ராஜாமணி: விறகடுப்புப் புகையைப் பற்றி யாருமே பேசவில்லையே. பெண்களும்தான் புகையிலை போடுகிறார்கள்.

செல்வி: போடுகிறார்கள். அதனால் வாய்ப்புற்று வரும், அதையும் விடத்தான் வேண்டும். ஆனால் மெல்லுகிற புகையிலை தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் மூச்சில் ஏறுவதில்லை. அடுப்பிலாவது சோறு வேகும், சிகரெட்டில் என்ன வேகிறது? அடுத்தவர் விடும் புகையில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவுமே கிடையாது என 2006-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை சொல்லிவிட்டது.

மேரி: நான் சொல்லிப் பார்த்தேன். ‘கதவைச் சாத்திக்கொள்’ என்றார் மாமனார். சாத்தினேன். வெக்கை தாங்காமல் திறந்தால் குழந்தை இருமுகிறது. மறுபடியும் கேட்டதற்கு மூன்று நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

முருகேசன்: பெரியவரிடம் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டிருக்கலாம்.

செல்வி: முதலில் சொல்லலாமே என்றீர்கள். சொன்னவளுக்கு இப்போது மரியாதைப் பாடமா? போன மாதம் கிணற்றுத் தகராறிலும் இப்படித்தான் பேச்சை மாற்றினீர்கள்.

முருகேசன்: கிணற்றை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் சொன்னதுதான் சரி.

ராஜாமணி: கிணற்று விஷயத்தில் முருகேசன் சொன்னது சரிதான்.

செல்வி: நீங்கள் அவருக்குத் துணைக்கு வருவீர்கள் என்று தெரியும். சரி, வாசல் பேச்சுக்கே வாருங்கள். புகை உள்ளே வராது என்றால் மேரியின் குழந்தை எதற்கு இருமுகிறது?

முருகேசன்: சளியாக இருக்கும். வாசலில் நின்றால் புகை உள்ளே வராது.